அறிவிப்பிலும் மனுவிலும் சுருக்கங்களைக் கையாள்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

2023 பிப்ரவரி கடைசி வாரத்தில் எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்:

"கு.ந.ச. செ.கு. கூட்டம் ஞாயிறு மா. 5, ச. கூடத்தில். செ.கு.உ. அனைவரும் வருக. கு.நீ. கட்டணம், மி.வா. புகார், பொ.கு. தேதி பேசப்படும். வர இயலாதோர் செ.விடம் மு.அ. தரவும்."

எழுதியவர் "மா. 5" என்று குறித்தது மாலை 5 மணியை. அப்படியே படித்தவர்கள் 26-ஆம் தேதி ஞாயிறு மாலை வந்தார்கள். மற்றவர்கள் அதை மார்ச் 5 என்று படித்தார்கள். அந்த ஆண்டு மார்ச் 5-உம் ஞாயிற்றுக்கிழமையாகவே அமைந்துவிட்டதால் அவர்களுக்கு ஐயமே எழவில்லை. முதல் ஞாயிறு கூட்டம் நடத்தப் போதிய ஆள் இல்லை. அடுத்த ஞாயிறு பூட்டிய கூடத்தின் முன் ஆறு பேர் நின்றார்கள்.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது (அச்சேறும் முன் பிழை திருத்துவது) என் வேலை. புதிதாக அறிவிப்பும் மனுவும் எழுதப் பழகுபவர்கள் எங்கே இடறுகிறார்கள் என்று பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கீழே உள்ள படிகள் அந்த அனுபவத்தில் வரிசைப்படுத்தியவை. வரிசையை மாற்ற வேண்டாம். பெரும்பாலான பிழைகள் மூன்றாம் படியை முதலில் செய்வதால் வருகின்றன. இங்கே சுருக்கம் என்று நான் சொல்வது கி.மீ., தி.மு.க., எ.கா. போன்று தலைப்பெழுத்துகளால் ஆனவற்றை. நீதிமன்றத்திலும் சட்டமன்றத்திலும் பேச்சைக் குறித்துக்கொள்ளும் சுருக்கெழுத்து வேறு கலை.

தொடங்கும் முன் மூன்று பொருள்கள் கையில் இருக்கட்டும்: முழு வடிவில் எழுதிய வரைவு ஒன்று, சுருக்கங்களைக் குறித்துக்கொள்ள ஒரு தனித்தாள், உங்கள் சங்கத்துக்கோ அலுவலகத்துக்கோ தொடர்பில்லாத ஒரு ஆள்.

1. முதல் வரைவில் எதையும் சுருக்காதீர்கள்

எழுதும்போதே சுருக்குபவர், தனக்குத் தெரிந்ததைப் படிப்பவருக்கும் தெரியும் என்று தன்னை அறியாமலேயே முடிவு செய்துவிடுகிறார். எழுதுகிறவர் மனதில் "செயற்குழு" என்ற சொல் ஒலித்துக்கொண்டிருப்பதால் "செ.கு." அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது, படிப்பவர் மனதில் அந்த ஒலி இல்லை. முழு வடிவில் எழுதி முடித்த பிறகு சுருக்கத் தொடங்கினால், ஒவ்வொரு இடத்திலும் எதை இழக்கிறோம் என்பது கண்முன் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. தமிழில் சுருக்கத்தால் மிச்சமாகும் இடம் பல வேளைகளில் நாம் நினைப்பதைவிடக் குறைவு. "மாலை" என்பதில் இரண்டு எழுத்து, "மா." என்பதில் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும். மிச்சம் பூஜ்யம். "காலை", "நாள்", "ஊர்", "தெரு" எல்லாம் இப்படித்தான். இவற்றைச் சுருக்குவது வெறும் பழக்கம்.

2. படிப்பவர் யார் என்று ஒரு வரியில் எழுதுங்கள்

தனித்தாளின் தலையில் "இதைப் படிப்பவர்: வாடகைக்குப் புதிதாக வந்தவர் உட்பட 60 வீட்டார்" என்பது போல எழுதி வையுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு முடிவும் இந்த வரியைப் பொறுத்தது.

இலங்கையில் படித்த தமிழ் மாணவருக்கு "க.பொ.த. (உ/த)" என்பதற்கு விளக்கம் தேவையில்லை, கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரத் தேர்வு அவருடைய வாழ்க்கையின் ஒரு பகுதி. அதே சுருக்கம் மதுரையில் இருப்பவருக்குப் புதிர். "இ.போ.ச." (இலங்கைப் போக்குவரத்துச் சபை) என்றால் யாழ்ப்பாணத்தில் பேருந்து நினைவுக்கு வரும், திருச்சியில் எதுவும் வராது. மறுபுறம், பெயருக்குப் பின்னால் வரும் "இ.ஆ.ப." என்பதைத் தமிழ்நாட்டு அரசு அலுவலகத்தில் இருப்பவர் உடனே அறிவார், அலுவலகத்துக்கு வெளியே இருப்பவருக்கு "ஐ.ஏ.எஸ்." என்றால்தான் புரியும்.

ஒரு காலத்தில் எல்லோரும் அறிந்த குறி நிலைத்து நிற்கும் என்று நம்பவும் முடியாது. பழைய கிரயப் பத்திரங்களில் "மேற்படி" என்பதற்கு ௸ என்று ஒரே குறி இருக்கும். எழுதிய எழுத்தருக்கு அது அன்றாடம். இன்று அதை வாங்கிப் பார்க்கும் பேரன் அடுத்த வீட்டுப் பெரியவரைத் தேடிப் போகிறான்.

3. எண்ணிப் பாருங்கள், பிறகு வகை பிரியுங்கள்

வரைவில் எந்த நீண்ட பெயர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித் தாளில் குறியுங்கள். ஒரு பக்கத்தில் நான்கு முறைக்குக் குறைவாக வரும் பெயருக்குச் சுருக்கம் வேண்டாம் என்பது என் கைக்கணக்கு. ஒரு சுருக்கத்தை நினைவில் ஏற்றுவது படிப்பவருக்கு ஒரு சுமை; இரண்டு முறை பயன்படுத்துவதற்காக அந்தச் சுமையை அவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

எஞ்சியவற்றை மூன்றாகப் பிரியுங்கள். முதல் வகை, சுருக்கமே சொல்லாகிவிட்டவை: ஏ.டி.எம்., ஓ.டி.பி., கி.மீ., கி.பி., சிம். இவற்றை விரித்து எழுதினால்தான் குழப்பம் வரும், அப்படியே விடுங்கள். இரண்டாம் வகை, ஒரு துறைக்குள் மட்டும் வழங்குபவை: "கி.நி.அ.", "ச.ம.உ.", நில ஆவணத்தில் "ச.எண்" போன்றவை. படிப்பவர் அந்தத் துறையைச் சேர்ந்தவரானால் விடலாம். இல்லையென்றால் "கிராம நிர்வாக அலுவலர்", "சட்டமன்ற உறுப்பினர்", "சர்வே எண்" என்று விரிக்க வேண்டும். மூன்றாம் வகை, நீங்களே உண்டாக்கியவை. எங்கள் பலகையில் இருந்த "கு.ந.ச.", "மு.அ." இரண்டும் இந்த வகை. இவற்றில் பத்துக்கு ஒன்பதை நீக்கிவிடலாம்.

இரண்டாம் வகையில் ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். அலுவலகக் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது அதில் உள்ள "ந.க.எண்." என்ற கோப்பு எண் வரியை அப்படியே, புள்ளி, சாய்கோடு, பிரிவு எழுத்து உட்பட எழுதுங்கள். அதை விரிப்பதும் திருத்துவதும் உங்கள் வேலை இல்லை. தபால் பிரிவில் இருப்பவர் அதைக் கோப்பு மேலுறையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத்தான் உங்கள் மனுவை உரிய மேசைக்கு அனுப்புவார்.

4. ஓரெழுத்து எத்தனை பொருளைச் சுமக்கிறது என்று பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் படி இதுதான். தாளில் குறித்த சுருக்கங்களின் முதல் எழுத்துகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதி, ஒரே எழுத்து இரண்டு முறை வருகிறதா என்று பாருங்கள்.

எங்கள் அறிவிப்பில் "கு." என்பது குடியிருப்போர், குழு, குடிநீர் ஆகிய மூன்றையும் குறித்தது. "செ." ஓரிடத்தில் செயற்குழு, இன்னோரிடத்தில் செயலாளர். நான்கு வரிக்குள் இத்தனை. பொதுவழக்கிலும் இதே சிக்கல் உண்டு: "கி." என்பது கி.மு.வில் கிறிஸ்து, கி.மீ.யில் கிலோ, கி.நி.அ.வில் கிராமம். இவற்றைப் பழக்கம் காப்பாற்றுகிறது. நீங்கள் உண்டாக்கியதைக் காப்பாற்ற எதுவும் இல்லை.

முகவரியில் இது இன்னும் மோசம். சென்னையில் பல வீடுகளுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண்கள் இருப்பதால் "ப.எண்", "பு.எண்" என்று எழுதுகிறார்கள். அதே "பு.எண்" பட்டா தொடர்பான மனுவில் புல எண்ணாகப் படிக்கப்படலாம். கதவு எண்ணும் புல எண்ணும் சேர்ந்து வரும் மனுவில் இரண்டையும் முழுச் சொல்லாகவே எழுதுங்கள். "மே. மாட வீதி" என்பதில் மேற்கு என்று ஊகிக்க முடிகிறது, "வ. தெரு" என்பது வடக்குத் தெருவா, வண்ணார் தெருவா, ஒருவர் பெயரின் தலைப்பெழுத்தா என்று கூரியர் பையன் எப்படி அறிவான்?

அளவுகளில் கவனம் இரட்டிப்பாக வேண்டும். "கி." என்று தனியாக எழுதினால் ஒருவர் கிராம் என்பார், ஒருவர் கிலோ என்பார், நடுவே இருப்பது ஆயிரம் மடங்கு. சமையல் குறிப்பில் டீஸ்பூனையும் டேபிள்ஸ்பூனையும் "டீ.ஸ்.", "டே.ஸ்." என்று சுருக்கினால் கண் இரண்டையும் ஒன்றாகவே பார்க்கும், ஒரு டேபிள்ஸ்பூன் மூன்று டீஸ்பூன் என்பதால் உப்பு மூன்று பங்காகும். மருந்து அளவில் "மி.கி.", "மி.லி." இரண்டையும் விரித்து மில்லிகிராம், மில்லிலிட்டர் என்றே எழுதுவது நல்லது, முதியவர்களுக்கு எழுதித் தரும் தாளில் கட்டாயம் அப்படித்தான் எழுத வேண்டும்.

5. சுருக்கத்துக்குப் பதில் குறும்பெயர் கிடைக்குமா என்று தேடுங்கள்

நீண்ட பெயரைக் கையாளச் சுருக்கம் மட்டுமே வழி என்று புதியவர்கள் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பெயரின் கடைசிச் சொல்லே போதும். "தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்" என்று முதல்முறை முழுதாகச் சொல்லிவிட்டு, அடுத்து "வாரியம்" என்றால் எவருக்கும் புரியும். "குடியிருப்போர் நலச் சங்கம்" அடுத்த வரியில் "சங்கம்". பட்டியலில் இருப்பதிலேயே நல்ல வழி இதுதான் என்பேன். பொருள் கெடுவதில்லை, உருபும் இயல்பாக ஏறுகிறது, படிப்பவர் எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை. ஒரே மனுவில் இரண்டு வாரியங்கள் வந்தால் மட்டும் "மின்வாரியம்", "குடிநீர் வாரியம்" என்று ஒரு அடைமொழி சேருங்கள்.

மக்கள் வாயில் ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தால் அதை விடாதீர்கள். மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் என்பதை ஊரில் யாரும் தலைப்பெழுத்துகளால் சொல்லவில்லை. "நூறு நாள் வேலை" என்றார்கள். மனுவில் முதல்முறை திட்டத்தின் முழுப் பெயரையும், தொடர்ந்து "நூறு நாள் வேலை" என்பதையும் எழுதியபோது அலுவலருக்கும் புரிந்தது, மனு கொடுத்தவருக்கும் தான் என்ன கொடுத்தோம் என்று புரிந்தது.

6. முதல் இடத்தில் அறிமுகம் செய்யுங்கள்

எஞ்சிய சுருக்கத்தை முதலில் வரும் இடத்தில் முழுப் பெயரோடு அறிமுகப்படுத்த வேண்டும்: "சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) அனுமதி அளித்த வரைபடத்தின்படி". முழுப் பெயர் முன்னே, சுருக்கம் அடைப்புக்குறிக்குள். மாற்றி எழுதினால் படிப்பவர் முதலில் தடுக்கி விழுந்து பிறகு எழுந்திருக்கிறார்.

தலைப்பிலும் "பொருள்:" வரியிலும் அறிமுகமாகாத சுருக்கம் கூடாது. பல பக்கம் நீளும் அறிக்கையில் ஒவ்வொரு பிரிவின் தொடக்கத்திலும் மறுபடி ஒருமுறை முழுப் பெயரைச் சொல்லுங்கள். அறிக்கையை யாரும் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை, தமக்கு வேண்டிய பக்கத்தைத் திறக்கிறார்கள்.

ஒரே பதவியைத் தமிழிலும் ஆங்கில ஒலியிலும் மாற்றி மாற்றிச் சுருக்குவது அடிக்கடி காணும் பிழை. முதல் பத்தியில் "கி.நி.அ." என்றும் மூன்றாம் பத்தியில் "வி.ஏ.ஓ." என்றும் எழுதினால் இரண்டு அலுவலர்கள் என்றே படிப்பவர் எண்ணுவார். ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதிலேயே நில்லுங்கள்.

7. புள்ளியும் இடைவெளியும்

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தைப் பார்த்ததும் இது சுருக்கம் என்று கண் அறிந்துகொள்கிறது. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. புள்ளி ஒன்றுதான் அடையாளம். நாளிதழ்கள் திமுக, பாமக என்று புள்ளியின்றி அச்சிடுவதைப் பார்த்துத் தங்கள் சங்கத்தின் பெயரையும் அப்படி எழுதுகிறவர்கள் உண்டு. கட்சிப் பெயர்கள் நாள்தோறும் அச்சாகிச் சொல்லாகவே ஆகிவிட்டன. "குநச" அப்படி ஆகவில்லை. அதைப் பார்ப்பவர் எழுத்துப் பிழை என்று நினைப்பார்.

புள்ளிகளுக்கு இடையே இடைவெளி விடாதீர்கள். "கி. மீ." என்று தட்டச்சு செய்தால் வரி முடிவில் "கி." மேலேயும் "மீ." கீழேயும் பிரிந்து போகும். எண்ணுக்கும் அலகுக்கும் இடையே மட்டும் ஓர் இடைவெளி வேண்டும்; அது வரி முடிவில் உடையாமல் இருக்க, சொற்செயலியில் உள்ள பிரியா இடைவெளியைப் பயன்படுத்துங்கள். வேர்டில் கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு இடைவெளிப் பட்டையைத் தட்டினால் அது கிடைக்கும்.

8. உருபு ஏறும் இடத்தைச் சரிபாருங்கள்

தமிழில் சுருக்கம் மிகுதியாக உடைவது இங்கேதான். வேற்றுமை உருபு சுருக்கத்தின் கடைசி ஒலியைப் பொறுத்து மாறுகிறது, அந்த ஒலியோ படிப்பவர் சுருக்கத்தை எப்படி வாய்விட்டுச் சொல்கிறார் என்பதைப் பொறுத்தது.

எழுத்தெழுத்தாகச் சொல்லும் சுருக்கங்களில் விதி எளிது. "தி.மு.க." அகரத்தில் முடிவதால் வகரம் பெற்றுத் "தி.மு.க.வின்" ஆகிறது. "எம்.பி." இகர ஈகார ஒலியில் முடிவதால் யகரம் பெற்று "எம்.பி.யின்". ஏகாரத்துக்குப் பின் இரண்டும் வரலாம் என்று நன்னூல் இடம் தருகிறது, வழக்கில் "எம்.எல்.ஏ.வின்" நிலைத்துவிட்டது. மெய்யில் முடிந்தால்தான் தொல்லை: எம் என்பதன் பின் உயிர் வந்தால் ஒற்று இரட்டிக்கும், ஆகவே "ஏ.டி.எம்.மில்". இலக்கணப்படி சரி, கண்ணுக்கு உறுத்தல். "பி.எஃப்." என்பதோடு "இல்" சேர்த்து எழுதச் சொன்னால் பத்துப் பேர் பத்து விதமாக எழுதுவார்கள்.

விரித்துச் சொல்லும் சுருக்கங்களில் குழப்பம் வேறு. "12 கி.மீ.க்கு" என்பதைப் படிப்பவர் வாயில் "கிலோமீட்டருக்கு" என்று வருகிறது, எழுத்தில் உள்ள "க்கு" அந்த ஒலியோடு பொருந்தவில்லை.

இரண்டுக்கும் ஒரே மருந்து உண்டு. சுருக்கத்துக்குப் பின்னால் ஒரு பெயர்ச்சொல்லை வைத்து, உருபை அதில் ஏற்றுங்கள்: "ஏ.டி.எம். இயந்திரத்தில்", "பி.எஃப். கணக்கிலிருந்து", "12 கி.மீ. தொலைவுக்கு". ஒரு சொல் கூடுகிறது, படிப்பவர் நாக்கு தடுமாறுவதில்லை.

"ரூ." பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "ரூ.500-க்கு" என்று எழுதுகிறோம், "ஐந்நூறு ரூபாய்க்கு" என்று படிக்கிறோம், கண் முன்னே போய்ப் பின்னே வர வேண்டியிருக்கிறது. அட்டவணையிலும் ரசீதிலும் "ரூ." இருக்கட்டும். ஓடும் வாக்கியத்தில் "500 ரூபாய்க்கு" என்றே எழுதுங்கள்.

9. ஆட்பெயரில் கை வைக்காதீர்கள்

பெயரின் முன்னெழுத்தை நீங்களாக விரிக்கவோ மொழிமாற்றவோ கூடாது. தமிழில் பெயர் எழுதும்போது முன்னெழுத்தும் தமிழில் இருக்க வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021 டிசம்பரில் ஆணையிட்டது. அதைத் தன் பெயருக்குக் கடைப்பிடிப்பது அவரவர் செயல். குடும்ப அட்டையில் "எஸ்." என்று இருப்பவரை மனுவில் "சு." என்று மாற்றினால் எழுதிய நீங்கள் நல்லது செய்ததாக நினைப்பீர்கள், சரிபார்ப்பவர் வேறு ஆள் என்று நினைப்பார்.

"திரு." எப்போதும் மரியாதைச் சொல் என்றும் எண்ணிவிட வேண்டாம். திரு.வி.க. என்பதில் உள்ள "திரு" திருவாரூரைக் குறிக்கும். ஒரு புதியவர் அதை மரியாதை அடைமொழி என்று நினைத்து நீக்கி "வி.க." என்று மெய்ப்பில் திருத்தி வைத்திருந்தார், அச்சேறும் முன் பிடித்தோம்.

10. மாற்றுவதைக் கணினியிடம் முழுதாக விடாதீர்கள்

எல்லாவற்றையும் ஒரே தட்டலில் மாற்றும் வசதி தமிழில் கவிழ்த்துவிடும். "செயற்குழு" என்பதற்குப் பதில் "செ.கு." என்று மாற்றச் சொன்னால் "செயற்குழுக் கூட்டம்" என்பது "செ.கு.க் கூட்டம்" ஆகிவிடும். "சங்கம்" என்று தேடினால் "சங்கத்தின்", "சங்கத்துக்கு" எதுவும் அகப்படாது. "சங்க" என்று தேட வேண்டும். திரும்ப விரிக்கும்போதும் இதே கதைதான். "செ." வரும் இடமெல்லாம் "செயலாளர்" என்று மாற்றச் சொன்ன ஒருவரின் வரைவில் குழாயின் விட்டம் "10 செயலாளர்மீ." என்று இருந்தது. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்து மாற்றுங்கள்.

11. வாய்விட்டுப் படியுங்கள், பிறகு வெளியாளிடம் கொடுங்கள்

முதலில் நீங்கள் உரக்கப் படியுங்கள். எங்கே நாக்கு ஒரு நொடி நின்று "இதை எப்படிச் சொல்வது" என்று யோசிக்கிறதோ அங்கே சுருக்கத்தை விரியுங்கள். கைபேசியின் உரக்க வாசிக்கும் வசதியிலும் ஒருமுறை ஓட விடுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் உங்கள் அறிவிப்பை அப்படித்தான் கேட்கப் போகிறார்கள்.

அடுத்து வெளியாள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகப் புரிகிறது என்பார். "எப்போது, எங்கே, யார் வர வேண்டும்?" என்று கேளுங்கள். எங்கள் அறிவிப்பை ஒட்டும் முன் காவலாளியிடம் இந்த மூன்று கேள்வியைக் கேட்டிருந்தால் மார்ச் மாதம் அப்போதே வெளியே வந்திருக்கும்.

இந்தப் படிகளின்படி அந்த அறிவிப்பை மாற்றி எழுதியபோது கிடைத்த வடிவம் இது:

"குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயற்குழுக் கூட்டம் பிப்ரவரி 26, ஞாயிற்றுக்கிழமை மாலை 5 மணிக்குச் சமுதாயக் கூடத்தில் நடைபெறும். குடிநீர்க் கட்டணம், மின்வாரியத்திடம் அளித்த புகார், பொதுக்குழுவுக்கான தேதி ஆகியவை பேசப்படும். செயற்குழு உறுப்பினர்கள் அனைவரும் வர வேண்டும்; வர இயலாதவர்கள் செயலாளரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்."

ஒரு சுருக்கமும் இதில் எஞ்சவில்லை. பழைய அறிவிப்பு இருந்த அதே அளவுத் தாளில், அதே எழுத்தளவில் அச்சிட்டுப் பார்த்தேன். பாதித் தாள் வெறுமையாகவே இருந்தது.